வறுத்த உழுந்து மணத்த கறுப்புக் கார்

மூன்று வருடங்களுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, செட்டிபாளையத்தில் என் வீட்டு வாசல் படலைக்கு முன்னால் நடந்த சம்பவம் இது. நானாக இதை யாருக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆட்களுக்கு முன்னால் கதைக்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். கலியாண வீட்டுக்குப் போனாலும் சமைக்கிற குசினிப் பக்கத்தால் நுழைந்து, குசினிப் பக்கத்தாலேயே திரும்பி வந்துவிடுவேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லைதானே, அந்தத் துணிவில் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவே மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பெரிய வீதி. என் வீடு அந்த வீதியோரம். என் வீட்டுக்காரர் காலமான பிறகு, வீட்டுக்குப் பின்னாலுள்ள துண்டு நிலத்தில் மாரிக்கு உழுந்து போடுவேன். அந்த வருடம் மழையும் அளவாகப் பெய்து, காய் நன்றாகப் பிடித்திருந்தது.

உழுந்துச் செடியைப் பிடுங்கிக் காயவைத்து, தடியால் அடித்து மணியைப் பிரிப்பது இரண்டு நாள் வேலை. தோள் மூட்டு கழன்றுவிடும். அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு சுகமான வழி வைத்திருக்கிறோம். காய்ந்த செடியை வீதியில் பரப்பிவிட்டு மரநிழலில் குந்திக்கொள்வதுதான். பஸ்ஸும் லொறியும் வானும் ஏறி ஏறிப் போக, காய் வெடித்து உழுந்து தானாகக் கழன்று கிடக்கும். பிறகு சக்கையை அள்ளி எறிந்துவிட்டு, மணியைக் கூட்டிச் சுளகில் புடைத்தால் சரி. பொலிஸ் கண்டால் ஏசும். அதனால் ஒரு கண் வீதியில் இருக்க வேண்டும்.

அன்றைக்கும் அப்படித்தான். எட்டு மணிக்கே பரப்பிவிட்டு, நானும் மச்சாளும் பூவரசு நிழலில் இருந்தோம். மச்சாள் என்றால் வீட்டுக்காரருடைய தங்கை, அடுத்த வளவு; அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். எனக்கும் சேர்த்து அவள்தான் கதைப்பாள்.

ஒன்பது மணி போல மட்டக்களப்புப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. வீதியோரத்தில் இருப்பவளுக்கு வாகனச் சத்தம் புதிதா? பஸ் இருமிக்கொண்டு வரும். லேண்ட் மாஸ்டர் உழவு மெசின் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டு போகும். இது அப்படியில்லை. கனத்த குரலில் கீழே தொடங்கி, ஏறி, ஏறி, இதற்கு மேல் இல்லை என்று நான் நினைத்த இடத்திலிருந்து இன்னும் ஏறியது. கோயிலில் சங்கு ஊதுகிறவர் மூச்சை விடாமல் இழுத்துக்கொண்டே போனால் நமக்கு நெஞ்சு அடைக்குமே, அப்படி இருந்தது. பார்த்தால், தாழ்ந்த ஒரு கறுப்புக் கார். நாலு கதவு, பெரிய இடத்து ஆட்கள் போகிற மாதிரி. கண்ணாடி போல மினுங்கிக்கொண்டு எங்கள் உழுந்தின் மேலால் ஏறிப் போய்விட்டது.

"ஆருடா இவன், பிளேனை றோட்டுல ஓட்டுறான்!" என்று மச்சாள் காதைப் பொத்தினாள். அடுத்த நிமிடமே எழும்பிப் போய்ச் செடியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இஞ்ச பாருங்க மச்சாள், என்ன அகலச் சில்லு! ஒரே போக்கில அரைக் கொத்து கழண்டிரிக்கி. திரும்பி வந்தானெண்டா நமக்குப் புண்ணியம்."

நானும் போய்ப் பார்த்தேன். நடுவில் பரப்பியிருந்த செடியில் ஒரு வாரு, இரண்டு கையாலும் அள்ளுகிற அளவு, அப்படியே இல்லை. காரின் காற்று இழுத்து எறிந்திருக்கும் என்று நினைத்து, மிச்சத்தைச் சரிபண்ணிவிட்டு வந்து இருந்தேன்.

பதினைந்து நிமிடம் இருக்கும். மச்சாள் ஆசைப்பட்டது போலக் கார் திரும்பி வந்தது. ஆனால் சங்குச் சத்தம் இல்லை. மெல்ல மெல்ல ஊர்ந்து வந்து, எங்கள் படலைக்கு முன்னால் பூவரசு நிழலில் நின்றது. ஒரு மனிதர் இறங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல சேட்டுப் போட்டிருந்தார், ஆனால் நகக் கண்ணெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. இறங்கினதும் பொனட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார். மறுபக்கத்தால் அவருடைய மனைவி இறங்கினார். தலையை மூடிய, வட்ட முகப் பெண். என்னைக் கண்டதும், பத்து வருடம் பழகினவர் போல ஒரு சிரிப்பு.

"அம்மா, கொஞ்சம் தண்ணி தருவீங்களா? இவருக்கு நாக்கு வறண்டு போச்சு. வாயால சொல்ல மாட்டாரு."

நான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவரைக் குடிக்க வைத்து, தானும் ஒரு வாய் குடித்துக்கொண்டே அந்தப் பெண்பிள்ளை முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டது. அவர்கள் காத்தான்குடி முஸ்லிம் ஆட்கள். கணவர் கராஜ் வைத்திருக்கிறார்.

"இந்தக் கார்ட சொந்தக்காரர் கொழும்பு. பாசிக்குடாவுக்கு வந்த இடத்துல எஞ்சின்ல சத்தம் வந்து நிண்டு போச்சு. எல்லாரும் லொறில ஏத்திக் கொழும்புக்கு அனுப்பத்தான் சொன்ன. இவர்தான் போய் நிண்டு, 'எனக்குத் தாங்க சேர், நான் செஞ்சி தாறன்' எண்டு கேட்ட. மூணு கிழமையா இதுதான் வேல. ஒரு கை சோத்துல, மத்தக் கை போன்ல எஞ்சின் படத்துல. எனக்குச் சக்களத்தி வந்திட்டாம்மா. அதுவும் கறுப்பி!"

"பேசாம இரி பாப்பம்," என்றார் கணவர், பொனட்டுக்குள்ளிருந்து.

"பேசாமத்தான் மூணு கிழம இருந்த." என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "இண்டைக்கு ஒருக்கா ஓட்டிப் பாத்திட்டு, பன்னிரண்டு மணிக்கு மட்டக்களப்பு டவுன் புளியந்தீவுல கொண்டு குடுக்கணும். சொந்தக்காரர் அங்க வந்து நிக்கிறாரு. இது சரியா ஓடினா, இப்பிடிக் கார் வச்சிரிக்கிற ஆக்களெல்லாம் இவரிட்டத் தேடி வருவாங்க. இல்லாட்டி, ஊரே சிரிக்கும். வேணாமெண்டு சொன்னவங்கதானே எல்லாரும்."

அவர் தலையை வெளியே எடுத்தார். முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது.

"போகக்குள்ள அருமையா ஏறிச்சு," என்றார், யாருக்கென்று இல்லாமல். "சுத்து ஏழாயிரத்துக்கு மேல போகக்குள்ள அடியில படபட எண்டு ஒரு சத்தம். இப்ப மணமும் அடிக்குது. நான் மாத்தின கேஸ்கட்தான் விட்டிரிக்கி. ஒயில் ஒழுகி சைலன்சர்ல சொட்டுது. அதுதான் எரியிது."

மணம் எனக்கும் வந்தது. காரின் அடியிலிருந்து நூல் போலப் புகை. எண்ணெய் எரிகிற மணமா அது? என் மூக்குக்கு அந்த மணம் ஐம்பது வருடத்துப் பழக்கம். உழுந்தைச் சட்டியில் போட்டு வறுக்கும்போது, மணி சிவந்து வருகிற நேரத்தில் ஒரு மணம் எழும்புமே, அது. மகள் பெரியபிள்ளையானபோது களி கிண்ட எத்தனை நாள் வறுத்திருப்பேன். சட்டியில் மணி வெடிக்கிற படபடச் சத்தமும் எனக்குத் தெரியும்.

மெல்லக் குனிந்து பார்த்தேன். காரின் வயிற்றுக்குக் கீழே ஒரு செடியின் வேர் நுனி தொங்கிக்கொண்டிருந்தது. காற்று இழுத்து எறியவில்லை. தாழ்ந்த காரல்லவா, ஒரு வாரு செடியையும் அள்ளி அடியில் செருகிக்கொண்டு போயிருக்கிறது.

மச்சாளும் கண்டுவிட்டாள். என் முழங்கையைப் பிடித்து நுள்ளி, வேலிப் பக்கம் இழுத்தாள்.

"வாயத் துறந்திராதீங்க மச்சாள். அந்தக் காருக்கு நம்மட ரெண்டு வளவையும் வித்தாலும் காணாது. பொலிசும் வரும். றோட்டுல போட்டது நாம."

"பாவம்கா அந்த மனிசன். தன்ட வேல பிழையெண்டு நிக்கிறாரு."

"நிண்டா என்ன? கராஜுக்குப் போனாத் தானாத் தெரியும். நீங்க பேசாம இரிங்க. அதுதான் உங்களுக்கு வருமே."

இதைச் சொல்லிவிட்டு, வீதியில் கிடந்த மிச்சச் செடியையெல்லாம் கையாலேயே வாரிச் சுருட்டி, கோழிக்கூட்டுக்குப் பின்னால் கொண்டு போய் ஒளித்துவிட்டாள். அவ்வளவு வேகமாக அவள் வேலை செய்து நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

நான் பேசாமல் நின்றேன். இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பயந்தேன் என்று சொன்னால் அது பாதிதான். மற்றப் பாதி, அந்நிய ஆண் ஒருவருக்கு முன்னால் போய், "தம்பி, பிழை என்னுடையது" என்று சொல்ல என் கால் எழும்பவில்லை. அதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார்.

"சேர்... ஓம் சேர், நான்தான். பன்னிரண்டுக்குத் தர ஏலாது சேர். இல்ல, கார்ல ஒண்டும் இல்ல. பிழை என்ட கையிலதான். நீங்க சொன்ன மாதிரி லொறிக்குச் சொல்லுங்க, கொழும்புக்கே கொண்டு போங்க. மன்னிச்சிக் கொள்ளுங்க சேர்."

போனைச் சேட்டுப் பைக்குள் போடப் போனார். பை எங்கே என்று கைக்குத் தெரியவில்லை, இரண்டு தரம் தடவினார். அவ்வளவு பேச்சுப் பேசிய அந்தப் பிள்ளை பக்கத்தில் வந்தது. கணவரின் முதுகில் ஒட்டியிருந்த ஒரு பூவரசம் இலையை எடுத்து எறிந்துவிட்டு, முதுகை ஒரு தரம் தடவிக் கொடுத்தது. அவ்வளவுதான்.

"லொறி வர முன்ன ஒருக்கா றேஸ் குடுத்துப் பாக்கிறன்," என்றார் அவர். "எந்த இடத்துல விட்டன் எண்டாவது தெரியணும்."

காருக்குள் ஏறி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார். நின்ற இடத்திலேயே அந்தச் சத்தம் ஏறத் தொடங்கியது. வேலிக் கம்பி நடுங்கியது. என் கோழிகள் சிதறி ஓடின. நான் காரின் அடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். நூலாக இருந்த புகை கயிறாகத் தடித்தது. உள்ளே படபடவென்று வெடித்தது. அப்போது, தொங்கிக்கொண்டிருந்த அந்தச் செடி நுனியில் சிவப்பாக ஒரு பொறி கண் விழித்தது.

"நிப்பாட்டு!"

யாரோ கத்தினார்கள். அது நான்தான் என்று எனக்கு உடனே விளங்கவில்லை.

"நிப்பாட்டு மனே! நெருப்பு! அது உன்ட எஞ்சின் இல்ல மனே, என்ட உழுந்து!"

எஞ்சின் நின்றது. மச்சாள் வாயைத் திறந்தபடி நின்றாள். அவர் கதவைத் திறந்து குதித்து, குனிந்து பார்த்தார். மச்சாளுக்கு உடனே புத்தி வந்து, கிணற்றடிக்கு ஓடி வாளியோடு வந்தாள்.

"தண்ணி வேணாம் அக்கா!" என்று அவர் தடுத்தார். "சூட்டுல ஊத்தினா வெடிச்சிரும். மண்ணை எறிங்க!"

எங்கள் ஊரில் மண்ணுக்குப் பஞ்சமா? நாலு பேரும் குந்தியிருந்து கைகையாகக் கடல் மண்ணை அள்ளி அடியில் எறிந்தோம். பொறி அணைந்தது. புகை மட்டும் மிஞ்சியது. அந்த நேரத்தில்தான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். வீதியில் பரப்பினதை, ஒரு வாரு காணாமல் போனதை, மணத்தை முதலே பிடித்ததை, பிடித்தும் பேசாமல் நின்றதை. நடுவில் நிறுத்தவில்லை. மச்சாளின் பெயரை மட்டும் இழுக்கவில்லை. அவளே, "நான்தான் தம்பி வாயப் பொத்தச் சொன்ன" என்று சொல்லிவிட்டாள்.

அவர் கையை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தார். கார் தாழ்வு, அவர் கை பருமன், உள்ளே போகவில்லை. சூடும் ஆறவில்லை. நான் ஓடிப் போய், கிணற்றுக்குள் விழுந்த வாளி எடுக்கிற கொக்கிக் கம்பியைக் கொண்டுவந்தேன். நெல் காயப்போடும் படங்கைக் காருக்குப் பக்கத்தில் விரித்து, அதில் ஒருக்களித்துப் படுத்தேன். பட்டப்பகலில் வீதியோரத்தில், நாலு பேர் பார்க்க, நான்! என் கை குச்சி போல மெல்லியது. கம்பியோடு முழங்கை வரை உள்ளே போனது. அவர் எனக்கு அருகில் கன்னத்தை நிலத்தில் வைத்துப் படுத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வலம் அம்மா... அந்தத் தகட்டுக்கு மேல... ஓம், இழுங்க" என்று வழி சொன்னார். கோழி அடைகாக்கிற கூடளவு ஒரு கட்டு வெளியே வந்தது. பாதி கருகல். அதோடு படபடவென்று மணிகள் படங்கில் கொட்டின.

அவருடைய மனைவி ஒரு மணியை எடுத்து ஊதி வாயில் போட்டுக் கடித்தார்.

"பதமா வறுபட்டிரிக்கி! இஞ்ச பாருங்க, உங்கட கறுப்பிக்குச் சமைக்கவும் தெரியிது."

முதலில் சிரித்தது மச்சாள். பிறகு நாங்கள் எல்லோரும். அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஆறும்வரை பார்த்திருந்து, டோர்ச்சை அடித்து அடியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். கேஸ்கட் போட்ட இடத்தில் விரலை வைத்து நீட்டுக்கு இழுத்து, அந்த விரலைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். தூசிதான் இருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. காட்டிவிட்டு அப்படியே மண்ணில் குந்தி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் ஏறி இறங்கியது.

பிறகு போனை எடுத்தார். "சேர், லொறி வேணாம்... இல்ல சேர், எஞ்சின் நல்லம். அடியில உழுந்து... உழுந்து சேர். தோசைக்குப் போடுற உழுந்துதான்." மறுபக்கத்தில் அந்தப் பெரிய மனிதர் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது.

இனித்தான் ஏச்சு வரும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வரவில்லை.

"அம்மா, நீங்க பேசாம உள்ள போயிரிந்தா, நான் இந்தப் பெரிய எஞ்சின் பக்கமே இனித் திரும்பியிரிக்க மாட்டன்," என்றார்.

"முதலே சொல்லியிரிக்கணும் மனே. பயத்துல நிண்டுட்டன்."

"சொன்னீங்கதானே." எழும்பி மண்ணைத் தட்டினார். "ஏறுங்க. கொண்டு குடுக்க முன்ன ஒருக்கா ஓட்டிப் பாக்கணும். என்ட காதை விட உங்கட மூக்குத்தான் நம்பிக்கை."

நான் மாட்டேன் என்று படலைக்குள் ஓடப் பார்த்தேன். அந்தப் பிள்ளை விடவில்லை. கையைப் பிடித்துக் கொண்டுபோய் முன் சீட்டில் இருத்திவிட்டது. மச்சாள் யாரும் கூப்பிடாமலே பின்னால் ஏறிக்கொண்டாள். சீட்டு மணையில் இருக்கிற மாதிரித் தாழ்வு. உடம்பெல்லாம் மண், சீலையில் கரி. அவ்வளவு நல்ல தோல் சீட்டில் முதுகைச் சாய்க்க மனம் வராமல் நிமிர்ந்து இருந்தேன்.

அவர் ஓட்டிக்கொண்டே எனக்கு முன்னாலிருந்த வட்டத்தைக் காட்டினார். ஒன்று, இரண்டு என்று எட்டுக்கு மேல் வரை எண் போட்டு, ஒரு ஊசி. மேல் எண்களைச் சுற்றி மஞ்சளாகச் சின்னச் சின்ன விளக்குகள் எரிந்தன.

"இந்த ஊசி, எஞ்சின் நிமிசத்துக்கு எத்தின ஆயிரம் சுத்துது எண்டு காட்டும். லொறி எஞ்சினெல்லாம் ரெண்டு, மூணுலயே அதிட பலத்தக் காட்டிப் போடும். இது அப்பிடி இல்லம்மா. கீழ சாது. ஏறினாத்தான் ஆரெண்டு தெரியும்."

"இப்ப ஏன் மெல்லப் போறீங்க?" என்று கேட்டேன். நானாகக் கேட்ட கேள்வி அது.

"நிண்டதுல ஒயில் ஆறிப் போச்சு. ஆறின எஞ்சினை முறுக்கினா உள்ளுக்குத் தேஞ்சிரும். அதுக்குத்தான் இந்த விளக்கு, பொறு, பொறு எண்டு சொல்லுது. சூடாகச் சூடாக ஒவ்வொண்டா அணையும். அணைஞ்ச இடம் வரைக்குந்தான் ஊசியை விடலாம்."

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உண்மையாகவே ஒரு விளக்கு அணைந்தது. கொஞ்சத் தூரம் போக இன்னொன்று.

"நம்மட அம்மாவப் போல ஒரு எஞ்சின்," என்றார் பின்னாலிருந்து அவருடைய மனைவி.

"மச்சாளுக்குச் சூடேற அறுபத்தெட்டு வருசம் எடுத்திரிக்கி!" என்றாள் என் மச்சாள்.

வெட்கத்தில் எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஆனால் சிரிப்பும் வந்தது.

தேற்றாத்தீவு தாண்டி வீதி நேராகவும் வெறுமையாகவும் வந்தது. கடைசி விளக்கும் அணைந்தது. "பயப்படாதீங்க, வேகமாப் போகல்ல, கியரை மாத்தாமச் சத்தத்தை மட்டும் ஏத்துறன்," என்று சொல்லிக் காலை அழுத்தினார். காலையில் வெளியிலிருந்து கேட்ட அதே சத்தம் இப்போது என் முதுகெலும்புக்குள்ளால் ஏறியது. நாலு, ஐந்து, ஆறு. முன்பு அவர் பயந்த ஏழு. நான் மூக்கை விரித்து மணம் பிடித்தேன். எட்டு. ஒரு கணம் அங்கே நின்று இறங்கியது. படபடப்பு இல்லை. இழைத்த பலகை போல ஒரே வழுவழுப்பு. நான் ஊசியை விட்டு அவர் முகத்தைத்தான் பார்த்தேன். தொட்டில் பிள்ளை மூச்சு விடுகிறதா என்று குனிந்து பார்க்கிற தாயின் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"மணக்குதா அம்மா?"

"உழுந்து மட்டுந்தான் மனே."

படலையில் எங்களை இறக்கிவிட்டுப் போனார்கள். பன்னிரண்டரைக்கு மச்சாளின் போனுக்கு அந்தப் பிள்ளை கோல் எடுத்தது. "குடுத்தாச்சி அம்மா. கார்ச் சொந்தக்காரருக்கு நல்ல சந்தோசம். ஆனா ஏசியைப் போட்டா உழுந்து மணக்குதாம், பசிக்குதாம்!"

அதற்குப் பிறகு நான் உழுந்தை வீதியில் போடுவதில்லை. படங்கில் பரப்பித் தடியால்தான் அடிக்கிறேன். இரண்டு நாள் போகிறது, தோள் நோகிறது, மச்சாள் முணுமுணுக்கிறாள், ஆனாலும் கூடவந்து அடிக்கிறாள். ஒவ்வொரு வருடமும் முதல் வறுத்து இடிக்கிற உழுந்து மாவில் ஒரு பை காத்தான்குடிக்கு. பெருநாளுக்கு மறுநாள் வட்டிலப்ப இனிப்போடு அவர்கள் இங்கே. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரில் வருவார்கள், எல்லாம் திருத்த வந்த கார்கள். அவர் படலையடியில் நிறுத்திவிட்டு, முதலில் என்னைக் கூப்பிடுவார், "அம்மா, ஒருக்கா வந்து மணந்து பாருங்க" என்று. நானும் போய், பெரிய டொக்டர் மாதிரி, காரைச் சுற்றி ஒரு தரம் மணந்து பார்ப்பேன். சிரிப்பாகத்தான் செய்கிறோம். ஆனால் நான் "சரி" என்று சொன்ன பிறகுதான் அவர் பொனட்டை மூடுகிறார்.

வாய் திறக்க எனக்கு இப்போதும் நேரம் எடுக்கிறதுதான். ஆனால் யாராவது தன்மேல் இல்லாத பிழையைத் தன்மேல் போட்டுக்கொண்டு தலை குனிந்து நிற்பதைக் கண்டால், அந்தச் சின்ன மஞ்சள் விளக்குகள் எனக்குள் ஒவ்வொன்றாக அணைந்து வழிவிடுகின்றன. புகை வரும்வரை நான் இப்போது பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.